அணியும் நோட்டு அறியும் கருவி: மதிப்பைச் சொல்வதும் கள்ளநோட்டைப் பிடிப்பதும் ஒரே வேலையா?

#1 தொடுவிரல்

பார்வையற்றவர்கள் உடலில் அணிந்தபடியே பயன்படுத்தும் நோட்டு அறியும் கருவி ஒன்றை வடிவமைத்து வருகிறோம். இப்போதைய அமைப்பு இது: இஎஸ்பி32-கேம் போர்டு (ஒற்றைச் சிப்பில் ஓடும் சிறு கணினிப் பலகை), அதோடு வரும் ஓவி2640 கேமரா, 500 மில்லிஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, நாணய வடிவ அதிர்வு மோட்டார். கருவியை ஒரு மணிக்கட்டில் கட்டிக்கொண்டு மறு கையால் நோட்டை அதன் முன் நீட்டினால், நோட்டுப் படங்களைக் கொண்டு பயிற்றுவித்த மாடல் (கணிக்கும் நிரல்) மதிப்பை அறிய, கருவி அதை அதிர்வாகச் சொல்லும். கூடவே 395 நானோமீட்டர் புற ஊதா எல்இடி ஒன்றை வைத்து, "நல்ல நோட்டு", "கள்ளநோட்டு" என்றும் சொல்ல வைக்க எண்ணம்.

மூன்று இடத்தில் முட்டி நிற்கிறது.

1. கணினியில் சோதித்தபோது ஏறக்குறைய எல்லா நோட்டையும் சரியாகச் சொன்ன மாடல், கையில் கட்டியதும் தடுமாறுகிறது. சில சமயம் முந்தைய நோட்டின் மதிப்பையே திரும்பச் சொல்கிறது.
2. பேட்டரி மூன்று நாள்கூடத் தாங்குவதில்லை.
3. புற ஊதாச் சோதனை நல்ல நோட்டையே சந்தேகப்படுகிறது.

இதே வடிவத்தைச் சீர்செய்வதா, அடியோடு மாற்றுவதா?

#2 முத்திரை

மூன்றாவதை முதலில் எடுக்கிறேன். மற்ற இரண்டும் பொறியியல் கோளாறுகள், சரிசெய்துவிடலாம். இது அடித்தளத்திலேயே இருக்கும் பிழை.

நோட்டின் மதிப்பை அறிவது ஒரு வேலை, அது மெய்யானதா என்று அறிவது வேறு வேலை. முதலாவதில் கருவிக்கு எதிராக யாரும் வேலை செய்வதில்லை. கசங்கல், அழுக்கு, மங்கிய வெளிச்சம் மட்டுமே எதிரி. இரண்டாவதில் உங்கள் சென்சார் எதைப் பார்க்கும் என்று யோசித்து ஏமாற்ற முனையும் மனிதர் எதிரில் இருக்கிறார். நோட்டு அச்சிடுகிறவர்களே இதைப் பிரித்துத்தான் பேசுகிறார்கள். இந்திய ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட 'மணி' செயலி நோட்டின் மதிப்பைச் சொல்லும். அது நல்ல நோட்டா கள்ளநோட்டா என்று உறுதிசெய்யாது என்பதை ரிசர்வ் வங்கியே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அமெரிக்க நோட்டு அச்சகத்துறை பார்வையற்றோருக்கு இலவசமாகத் தரும் 'ஐபில்' கருவியின் வேலையும் மதிப்பை அறிவிப்பதுதான்.

பாதுகாப்பு அம்சங்கள் அடுக்கடுக்காக இருக்கும். முதல் அடுக்கு மக்கள் தொட்டும் சாய்த்தும் பார்ப்பது: நீரோட்ட உருவம் (வெளிச்சத்தில் பிடித்தால் தெரிவது), பாதுகாப்பு இழை, மேடான அச்சு, நிறம் மாறும் மை. இரண்டாவது அடுக்கு வணிக இயந்திரங்கள் படிப்பது: புற ஊதா ஒளிர்வு, அகச்சிவப்பில் மறையும் மை, காந்த மை. மூன்றாவது அடுக்கு மைய வங்கிகளின் சொந்த இயந்திரங்களுக்கு மட்டுமே தெரிந்தது. அது வெளியே வராது. நாம் என்ன செய்தாலும் முதல் இரண்டு அடுக்கோடு நின்றுவிடுவோம்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். பத்தாயிரம் நோட்டுக்கு ஒன்று கள்ளநோட்டு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கருவி கள்ளநோட்டை 99 சதவீதம் பிடிக்கிறது, நல்ல நோட்டில் 1 சதவீதத்தை மட்டும் தவறாகச் சந்தேகப்படுகிறது என்றும் கொள்வோம். பத்தாயிரம் நோட்டு கடந்து போகும்போது மெய்யான எச்சரிக்கை ஒன்று, பொய்யான எச்சரிக்கை ஏறத்தாழ நூறு. நூற்றொரு முறை கருவி கத்தினால் நூறு முறை எதிரே நிற்பவர் வீணாகச் சந்தேகத்துக்கு ஆளாகிறார். சில நாளிலேயே பயனர் அந்த எச்சரிக்கையைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விடுவார். அப்புறம் அந்த ஒரு கள்ளநோட்டும் தாராளமாக நுழையும்.

ஆகவே "கள்ளநோட்டு" என்ற சொல்லையே கருவியிலிருந்து எடுத்துவிடுங்கள். சொல்ல வேண்டியது மூன்றே: "மதிப்பு இது"; "தெரியவில்லை"; "மதிப்பு இது, ஆனால் ஒரு குறி பொருந்தவில்லை, இன்னொருவரிடம் காட்டிப் பாருங்கள்".

#3 பழைய_சாலிடர்

பேட்டரிக்கு வருகிறேன். கருவி வேலை செய்யும் நேரம் பேட்டரியைத் தின்பதில்லை. சும்மா இருக்கும் நேரம்தான் தின்கிறது.

ஒரு நோட்டைப் படிக்க 3 விநாடி, சராசரி 250 மில்லிஆம்பியர் என்றால் 0.21 மில்லிஆம்பியர்-மணி செலவு. நாளுக்கு 40 நோட்டு என்றாலும் 8.3தான். ஆனால் இஎஸ்பி32-கேம் போர்டில் இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தைச் சீராக்கும் உறுப்பு) தன் பங்குக்கு எப்போதும் சுமார் 5 மில்லிஆம்பியர் இழுக்கும். சிப்பை ஆழ்ந்த உறக்கத்தில் போட்டாலும் போர்டு மொத்தமாக 6 மில்லிஆம்பியர் அளவில் நிற்கும். 24 மணிக்கு 144. 500இல் பயன்படுத்தத்தக்கது 400 என்று வைத்தால், 400ஐ 152ஆல் வகுத்துப் பாருங்கள்: 2.6 நாள். உங்கள் "மூன்று நாள்கூட இல்லை" இதுதான்.

மாற்ற வேண்டியவை:

ரெகுலேட்டரை எடுத்துவிட்டு எச்டி7833 போடுங்கள். தானாக இழுப்பது சில மைக்ரோஆம்பியர்தான், 500 மில்லிஆம்பியர் வரை தரும். எம்சிபி1700 இன்னும் குறைவாக இழுக்கும் என்று சிலர் பரிந்துரைப்பார்கள். அது 250 மில்லிஆம்பியருக்கு மேல் தராது. கேமரா விழிக்கும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து சிப் மறுதொடக்கம் ஆகும்.

ரெகுலேட்டர் வெளியீட்டில் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, கேமராவின் மின்வழிக்குத் தனி மாஸ்ஃபெட் (டிரான்சிஸ்டர் வகை) சுவிட்ச். உறக்கத்தில் கேமராவுக்கு மின்சாரமே போகக் கூடாது.

போர்டில் எப்போதும் எரியும் சிவப்பு எல்இடி இருந்தால் பிடுங்கிவிடுங்கள். பார்வையற்றவருக்கு அதனால் பயனில்லை.

உறக்க மின்னோட்டத்தை 0.05 மில்லிஆம்பியருக்குக் கொண்டுவந்துவிட்டால் நாளுக்கு 1.2. மொத்தம் 9.5. அதே பேட்டரி நாற்பது நாள் ஓடும். மல்டிமீட்டரை வரிசையில் இணைத்து அளந்துகொண்டே ஒவ்வொன்றாக நீக்குங்கள். அளக்காமல் ஊகித்தால் எந்த உறுப்பு திருடுகிறது என்று கடைசிவரை தெரியாது.

அதோடு, மதிப்பு மாறிச் சொல்வதில் ஒரு பகுதி மாடலின் குற்றம் அல்ல. கேமரா டிரைவரில் (கேமராவை இயக்கும் நிரலில்) சட்டகத் தாங்கல், அதாவது எடுத்த படத்தைத் தற்காலிகமாக வைக்கும் நினைவிடம், இரண்டு என்று வைத்திருப்பீர்கள். நீங்கள் கேட்கும்போது அது முன்பே எடுத்து வைத்திருந்த பழைய படத்தைக் கொடுக்கும். நோட்டை மாற்றிய பிறகும் முந்தைய நோட்டின் மதிப்பு வருவது அதனால்தான். தாங்கலை ஒன்றாக்குங்கள், அல்லது "மிகப் புதிய படம்" என்ற முறைக்கு மாற்றுங்கள். விழித்தெழுந்த பின் முதல் ஐந்தாறு படங்களைப் பார்க்காமலே தள்ளிவிடுங்கள். ஒளியளவு நிலைக்கு வர அவ்வளவு நேரம் ஆகும்.

#4 கயல்_மாடல்

> கணினியில் சோதித்தபோது ஏறக்குறைய எல்லா நோட்டையும் சரியாகச் சொன்ன மாடல்

பயிற்சிப் படங்களையும் சோதனைப் படங்களையும் எப்படிப் பிரித்தீர்கள்? எல்லாப் படங்களையும் ஒன்றாகக் குலுக்கி எண்பதுக்கு இருபது என்று பிரித்திருந்தால், ஒரே நோட்டின் ஐந்தாம் படம் பயிற்சியிலும் ஆறாம் படம் சோதனையிலும் இருக்கும். மாடல் மதிப்பைக் கற்றிருக்காது. அந்த நோட்டின் மடிப்புக் கோட்டையும் மசிக்கறையையும் மனப்பாடம் செய்திருக்கும். நோட்டு வாரியாகப் பிரிக்க வேண்டும். வரிசை எண்ணைக் குறியாக வைத்து, ஒரு நோட்டின் எல்லாப் படமும் ஒரே பக்கம் இருக்கும்படி பாருங்கள். கேமராவையும் இடத்தையும் அதேபோல் பிரித்தால் இன்னும் நல்லது. எண் கீழே இறங்கும். அந்த இறங்கிய எண்தான் உண்மை.

படங்களைப் பெருக்கும்போது வழக்கமாக நடக்கும் இரண்டு தவறுகள். ஒன்று, கண்ணாடிப் பிம்பமாகத் திருப்புவது. நோட்டைத் தலைகீழாகப் பிடிக்கலாம், மறுபக்கம் காட்டலாம். எழுத்தும் எண்ணும் இடவலமாக மாறிய நோட்டு உலகத்தில் இல்லை. மாடலின் சக்தி அதில் வீணாகிறது. 180 பாகைச் சுழற்சி போதும், அதோடு எல்லாச் சாய்வும். இரண்டாவது, நிறச்சாயலைக் கண்டபடி மாற்றுவது. நிறம்தான் பல நோட்டுகளில் முதல் அடையாளம். பிரகாசத்தை எவ்வளவு வேண்டுமானாலும் ஆட்டுங்கள், சாயலைச் சிறிதளவு மட்டும்.

இதே காரணத்தால் 96க்கு 96 புள்ளி கொண்ட சாம்பல்நிறப் படம் வேண்டாம். பலரும் அப்படிப்பட்ட படத்தை எடுக்கும் ஒரு சிறிய எடுத்துக்காட்டு மாடலிலிருந்து தொடங்கி அப்படியே விட்டுவிடுகிறார்கள். இந்தியாவின் புது வரிசையில் 20 ரூபாய் பச்சை கலந்த மஞ்சள், 200 ரூபாய் பளிச்சென்ற மஞ்சள். அழுக்கேறிய பின் வண்ணத்திலேயே நெருங்கிவிடும் இவ்விரண்டும் சாம்பல் படத்தில் இன்னும் நெருங்கும். மூன்று நிறத்தோடு 96க்கு 96 என்றால் 27,648 பைட். இந்தப் போர்டின் கூடுதல் நினைவகத்தில் தாராளமாக அடங்கும்.

கேமராவின் தானியங்கி வெண்சமநிலையை (வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைத் தானே திருத்துவதை) ஒரு நிலைக்கு வந்ததும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் சட்டகம் முழுக்க ஒரே நிற நோட்டு நிறையும்போது அந்த நிறத்தையே அது கழித்துவிடும்.

"தெரியவில்லை" என்பது தனி வகுப்பாகப் பயிற்சியில் இருந்தாக வேண்டும்: வெறும் உள்ளங்கை, துணி, ரசீது, அட்டை, வண்ணத்தாள், பாதி மடித்த நோட்டு. மாடல் தரும் நம்பிக்கை அளவை மட்டும் நம்பாதீர்கள். காணாத பொருளைப் பார்த்தாலும் அது 0.99 என்று அடித்துச் சொல்லும். ஐந்து படம் எடுத்து, குறைந்தது நான்கு ஒத்துப்போனால் மட்டும் சொல்லுங்கள். பிழைகளுக்கு எடையும் ஒன்றல்ல: 500ஐ "தெரியவில்லை" என்றால் பயனர் திருப்பிப் பிடிப்பார்; 500ஐ 100 என்றால் காசு போய்விடும்.

#5 ஒலிவழி

பயன்படுத்துகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். மணிக்கட்டு வடிவம் இரண்டு கையையும் கட்டிப்போடுகிறது. ஒரு கையில் கைத்தடி இருக்கும். மீதமுள்ள ஒரு கையால் பணப்பையைத் திறந்து, நோட்டை எடுத்து, மறு மணிக்கட்டின் முன் சரியான தொலைவில் நிறுத்த வேண்டும் என்றால் நடைமுறையில் யாரும் செய்யமாட்டார்கள். கேமரா எங்கே பார்க்கிறது என்பதும் பயனருக்குத் தெரியாது.

ஓவி2640 வழக்கமான லென்சுக்குப் பார்வைக் கோணம் ஏறத்தாழ 60 பாகை. 150 மில்லிமீட்டர் நீள நோட்டு முழுதாகத் தெரிய 13 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். அந்த லென்ஸ் தொலைவுக்குக் குவியப்படுத்தி ஒட்டப்பட்டிருக்கும், கிட்டத்தில் மங்கும். ஒட்டியிருக்கும் பசையைக் கீறி லென்சைக் கொஞ்சம் திருகினால் கிட்டப் பார்வை வரும். ஆனால் "13 சென்டிமீட்டர்" என்பதைக் கை எப்படி அறியும்? நோட்டின் ஒரு பகுதியை மட்டும் பார்த்தே சொல்லும்படி மாடலைப் பழக்குவதுதான் வழி.

அடுத்தது ஒலி. மதிப்பை உரக்கச் சொல்லும் கருவி நாலு பேர் நிற்கும் இடத்தில் ஆபத்து. கையில் எவ்வளவு இருக்கிறது என்று ஊருக்கே அறிவிப்பதுபோல் ஆகும். ஐபில் கருவியில் குரல், தொனி, அதிர்வு என்று மூன்றும் இருப்பது இதற்காகத்தான். அதிர்வுதான் இயல்பான முறையாக இருக்க வேண்டும். குரல் வேண்டுமானால் காதுக்கருவிக்கு மட்டும்.

அதிர்வுக் குறியீட்டை என்னவென்று வைத்திருக்கிறீர்கள்?

#6 தொடுவிரல்

ரெகுலேட்டர், தாங்கல் இரண்டும் சரிதான், அளந்தபோது அப்படியே இருந்தது. நன்றி. படங்களையும் குலுக்கித்தான் பிரித்திருந்தோம், மறுபடி பிரிக்கிறோம்.

அதிர்வு இப்படி: முதல் இலக்கத்துக்குக் குறுந்துடிப்பு (1க்கு ஒன்று, 2க்கு இரண்டு, 5க்கு ஒரு நீள்துடிப்பு), பிறகு இடைவெளி, பிறகு எத்தனை பூச்சியமோ அத்தனை குறுந்துடிப்பு. குறுந்துடிப்பு 60 மில்லிவிநாடி.

#7 ஒலிவழி

அதில் ஒரு பெரிய ஓட்டை. 20க்கும் 200க்கும் வேறுபாடு கடைசி ஒரு துடிப்புதான். பேருந்து குலுக்கலில் அது தவறினால் இருநூறு இருபதாகிவிடும்.

குறில், நெடில் என்று நமக்கு ஏற்கெனவே காதில் ஊறிய கணக்கு இருக்கிறதே, அதை வைத்துக்கொள்ளுங்கள். 10, 20, 50க்கு முறையே ஒன்று, இரண்டு, மூன்று குறில். 100, 200, 500க்கு முன்னால் ஒரு நெடில், பிறகு அதே ஒன்று, இரண்டு, மூன்று குறில். நூறுக் குடும்பம் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும், பத்து மடங்குப் பிழைக்கு இடமில்லை. 1-2-5 வரிசையில் ஓடும் எந்த நாணயத்துக்கும் இதைப் பொருத்தலாம். "தெரியவில்லை" என்பதற்கு 1.2 விநாடிக்கு ஒரே நீண்ட அதிர்வு.

இலக்கணத்தில் நெடில் குறிலின் இரு மடங்கு. விரலுக்கு அது போதாது, மும்மடங்கு வேண்டும். குறில் 150 மில்லிவிநாடி, நெடில் 450, குறில்களுக்கு நடுவே 150, நெடிலுக்குப் பின் 300. 500க்கு மொத்தம் ஒன்றரை விநாடி. ஒருமுறை சொன்னதை மறுபடி கேட்க ஒரு பொத்தான். நோட்டை மீண்டும் படிக்கத் தேவையில்லாமல்.

#8 பழைய_சாலிடர்

60 மில்லிவிநாடி நாணய மோட்டாருக்கு ஆகவே ஆகாது. அதன் எடை சுழன்று வேகம் பிடிக்கவே அவ்வளவு நேரம் பிடிக்கும், நிற்கவும் அதே அளவு. துடிப்புகள் ஒன்றோடொன்று குழைந்து ஒரே உறுமலாகிவிடும். 150 தாங்கும். இன்னும் கூர்மையாக வேண்டுமானால் நேர்கோட்டு அதிர்வி (சுழலாமல் முன்பின் ஆடி அதிர்வது), அதற்கு டிஆர்வி2605எல் சிப். அது எதிர்த்திசை மின்னோட்டம் கொடுத்து அதிர்வை உடனே பிடித்து நிறுத்தும்.

மோட்டாரை நேராகச் சிப்பின் காலில் மாட்டாதீர்கள். டிரான்சிஸ்டர் ஒன்று, மோட்டாருக்குக் குறுக்கே டையோடு ஒன்று, 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று. இல்லாவிட்டால் மோட்டார் நிற்கும்போது எழும் மின் உதைப்பில் ஐ2சி வழி (சிப்பும் சென்சார்களும் பேசிக்கொள்ளும் கம்பி) தொங்கிப்போகும்.

#9 முத்திரை

புற ஊதா ஏன் ஏமாற்றுகிறது என்பதை விரித்துச் சொல்கிறேன்.

சாதாரண அச்சுத்தாளில் வெண்மையூட்டி இருக்கும். புற ஊதா பட்டால் நீலவெண்மையாகப் பளிச்சிடும். நோட்டுக்கான பருத்தித்தாளில் அது கிடையாது. மந்தமாகக் கிடக்கும், இழைகளும் சில அச்சுகளும் மட்டும் ஒளிரும். இந்த வேறுபாட்டைத்தான் எளிய கருவிகள் அளக்கின்றன. ஆனால் சட்டைப்பையோடு சலவைக்குப் போய்வந்த நல்ல நோட்டும் பளிச்சிடும், சலவைத்தூளில் அதே வெண்மையூட்டி இருப்பதால். உங்கள் கருவி நல்ல நோட்டைச் சந்தேகிப்பதற்கு இது ஒரு காரணம். வெண்மையூட்டி இல்லாத தாளில் அடித்த போலி மந்தமாகவே இருந்து தப்பிவிடும். ஆக, மந்தம் என்பதால் நல்லது என்றும் பளிச்சென்பதால் போலி என்றும் முடிவுகட்ட முடியாது.

மற்றொரு காரணம் அந்த 395 நானோமீட்டர் எல்இடி. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறைய வழிகிறது. சென்சார் பார்ப்பது ஒளிர்வை அல்ல, திரும்பி வரும் ஊதாவை. 365 எல்இடி போடுங்கள், அதன் முன் கட்புல ஒளியை மறிக்கும் கருநிற வடிகண்ணாடி, சென்சார் முன் 420க்குக் கீழே மறிக்கும் வடிகட்டி. 365 எல்இடிக்கு மூன்றரை வோல்ட்டுக்கு மேல் தேவைப்படும். பேட்டரி இறங்கும்போது ஒளி மங்கிவிடும். நிலையான மின்னோட்டம் தரும் மின்னழுத்த உயர்த்தி வேண்டும். அந்த ஒளி கண்ணுக்குக் கேடு என்பதால் நோட்டின் மீது அழுந்தினால் மட்டும் எரியும்படி தொடுசுவிட்ச் வையுங்கள்.

சரி, அணியும் கருவி எதைத்தான் சோதிக்கலாம்? ஒரு நோட்டின் இரண்டு அம்சங்கள் தம்முள் ஒத்துப்போகின்றனவா என்பதை. டாலரை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா மதிப்பும் ஒரே அளவு, ஏறத்தாழ 156க்கு 66 மில்லிமீட்டர். குறைந்த மதிப்பு நோட்டின் அச்சை நீக்கி அதே தாளில் கூடிய மதிப்பை அடிப்பது அங்கே பழைய மோசடி. தாள் அசல், கள்ளநோட்டைக் கண்டறியத் தாளில் கோடிழுக்கும் அயோடின் பேனா மாவுச்சத்தை மட்டுமே தேடும், அதனால் பிடிக்காது. ஆனால் உள்ளே ஓடும் இழை மாறாது. புற ஊதாவில் 5 டாலர் இழை நீலம், 10 ஆரஞ்சு, 20 பச்சை, 50 மஞ்சள், 100 இளஞ்சிவப்பு. மேலே 100 என்று அச்சும் உள்ளே நீல இழையும் இருந்தால் அது பொருந்தாமை. இப்படிப்பட்ட முரணைச் சொல்வது ஒற்றை அம்சத்தை நம்புவதைவிடப் பல மடங்கு உறுதி.

அகச்சிவப்பிலும் இதே தர்க்கம். யூரோவின் புது வரிசையில் முன்பக்கத்தை அகச்சிவப்பில் பார்த்தால் மரகத எண், முதன்மைப் படத்தின் வலப்பகுதி, வெள்ளிப்பட்டை மட்டும் நிற்கும், மற்றது மறைந்துவிடும். 850 அல்லது 940 நானோமீட்டர் எல்இடி போதும். ஆனால் வழக்கமான ஓவி2640இல் அகச்சிவப்பை மறிக்கும் வடிகட்டி ஒட்டியிருக்கும்; அது இல்லாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அதே கேமராவில் நிறம் கெட்டுப்போகும் என்பதால் மதிப்பறிவதற்கும் இதற்கும் ஒன்றையே பயன்படுத்த முடியாது.

#10 நூல்வலை

காந்த மையைச் சேர்க்கலாமா? காந்தப்புலத்தை அளக்கும் ஹால் சென்சார் ஒன்று போட்டால் போதாதா?

#11 முத்திரை

போதாது. நோட்டு மையின் காந்தப்புலம் மிக மெல்லியது, ஹால் சென்சாரின் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். எண்ணும் இயந்திரங்களில் காந்தத்தலையை ஒட்டி நோட்டு நிலையான வேகத்தில் ஓடும். அந்த ஓட்டம்தான் குறியைத் தருகிறது. விரலால் இழுக்கும் நோட்டில் அது வராது. சில லேசர் அச்சுப்பொடியிலும் இரும்பு ஆக்சைடு உண்டு, ஆகவே "காந்தம் இருக்கிறது" என்பது சான்றும் ஆகாது. விட்டுவிடுங்கள்.

#12 பழைய_சாலிடர்

வடிவத்தை மாற்றுவதா என்று கேட்டிருந்தீர்கள். என் தேர்வு ஆள்காட்டி விரலில் செருகும் உறை, அடிப்பக்கம் நிறச்சென்சார். கேமராவே வேண்டாம். நோட்டைக் கட்டைவிரலுக்கும் உறைக்கும் நடுவே பிடித்து, அகலவாட்டில் ஒரு இழுப்பு. தொலைவு, வெளிச்சம், குவியம் என்ற மூன்று தலைவலியும் தொடுகையிலேயே தீர்ந்துவிடும். ஒரு கை போதும்.

டிசிஎஸ்34725 சென்சார், அதன் முன் 4 மில்லிமீட்டர் உயர மங்கிய கருப்புக் குழல். எல்இடியை நேராக வைக்காதீர்கள். 45 பாகை சாய்த்து வையுங்கள், சென்சார் செங்குத்தாகப் பார்க்கட்டும். நேராக வைத்தால் பாதுகாப்பு இழையும் பாலிமர் நோட்டின் பளபளப்பும் கண்ணாடிபோல் எல்இடியையே திருப்பிக் காட்டும்.

ஒருங்கிணைப்பு நேரம் (ஒரு அளவுக்குச் சென்சார் ஒளியைச் சேர்க்கும் நேரம்) 50 மில்லிவிநாடி, அதற்குச் சென்சாரின் பதிவேட்டில் எழுத வேண்டிய எண் 235. இது ஊகமாக எடுத்த எண் அல்ல. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்கும், 60 ஹெர்ட்ஸில் 120 முறை. 50 மில்லிவிநாடியில் முன்னதில் 5 சுற்றும் பின்னதில் 6 சுற்றும் முழுதாக அடங்கும். விளிம்பில் கசியும் அறை வெளிச்சம் எந்த நாட்டிலும் ஆடாது. முதல் அளவை எல்இடி அணைந்த நிலையில் எடுத்து, அதைப் பின்வரும் அளவுகளிலிருந்து கழித்துவிடுங்கள்.

வெண்மைக்கு அளவுகோலாகத் தாளை வைக்காதீர்கள், மேலே சொன்ன வெண்மையூட்டிக்காக. குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை ஏழெட்டு மடிப்பாக மடித்து உறையின் மூடிக்குள் ஒட்டுங்கள். அது ஒளிராது, எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறடிக்கும். மூடியைத் திறக்கும் கணத்துக்கு முன் ஒவ்வொரு முறையும் கருவி தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும்.

#13 கயல்_மாடல்

நிறச்சென்சார் போதும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு புள்ளியின் நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. 66 மில்லிமீட்டர் அகலத்தை ஒரு விநாடியில் இழுத்தால் 20 அளவு கிடைக்கும், ஏறத்தாழ 3.3 மில்லிமீட்டருக்கு ஒன்று. அந்த நிறவரிசையை ஒப்பிடலாம். ஆனால் கை ஒரே வேகத்தில் இழுக்காது, நடுவில் நிற்கும், விரையும். நேரத்தை நீட்டிச் சுருக்கி ஒப்பிடும் முறை கட்டாயம். நோட்டின் எந்த இடத்தில் குறுக்கே இழுக்கிறார் என்பதும் தெரியாது: இடது ஓரம், நடு, உருவப்படத்தின் மேல், வெற்றிடத்தின் மேல் எல்லாம் வேறுவேறு வரிசை. இரு பக்கம், இரு திசை, ஐந்தாறு தடம் என்று ஒரு மதிப்புக்கே இருபதுக்கு மேல் மாதிரி வேண்டும். பழைய வரிசை நோட்டும் புழக்கத்தில் இருந்தால் அது இரட்டிக்கும்.

நீளம் ஒரு வழி, நாணயத்தைப் பொறுத்து. இந்தியாவின் 200 ரூபாய் 146 மில்லிமீட்டர், 500 ரூபாய் 150, உயரம் இரண்டுக்கும் 66. நான்கு மில்லிமீட்டர்தான் இடைவெளி. ஓரம் மடிந்தாலே மாறிவிடும். யூரோவில் 5க்கு 120, 10க்கு 127, 20க்கு 133, 50க்கு 140 என்று படி பெரிது. டாலரில் நீளத்தால் பயனே இல்லை.

#14 ஒலிவழி

தடம் எங்கே என்ற சிக்கலுக்கு விரலே விடை. நோட்டின் குறுகிய ஓரத்தைத் தேடிப் பிடிப்பது பார்வையற்ற கைக்கு அரை விநாடி வேலை. "குறுகிய ஓரத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே, அங்கிருந்து குறுக்கே இழு" என்று ஒரு பழக்கத்தை வைத்துவிட்டால் தடம் இரண்டாகக் குறையும்: இந்த ஓரம், எதிர் ஓரம். உறையிலேயே ஒரு சிறு நாக்கு நீட்டினால் அது ஓரத்தில் முட்டி நிற்கும், விரலால் அளக்கவும் வேண்டாம்.

இந்திய நோட்டுகளில் அதே ஓரங்களில்தான் மேடான சாய்கோடுகளும் இருக்கின்றன: 100க்கு நான்கு, 500க்கு ஐந்து. புது நோட்டில் விரல் அதைத் தானே படித்துவிடும். தேய்ந்த நோட்டில்தான் கருவி தேவை. ஆகையால் உறை விரல்நுனியின் அடிச்சதையை மூடிவிடக் கூடாது. சென்சாரை ஒரு பக்கமாகத் தள்ளி, நுனியைத் திறந்தே விடுங்கள்.

#15 கயல்_மாடல்

நாக்கு வைத்தால் ஒப்புக்கொள்கிறேன். ஒரு மதிப்புக்கு எட்டு மாதிரிவரிசை: இரு ஓரம், இரு பக்கம், இரு இழுப்புத் திசை. மொத்தமே சில கிலோபைட், பெரிய சிப்பும் வேண்டாம். ஒவ்வொரு அளவிலும் மூன்று நிறத்தையும் அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துக்கொள்ளுங்கள், அழுக்கின் இருள் பாதியாவது கழியும். மிக நெருங்கிய மாதிரிக்கும் அடுத்த மதிப்பின் மாதிரிக்கும் இடையே போதிய தூரம் இல்லாவிட்டால் "தெரியவில்லை". முதல் தேர்வு எவ்வளவு நெருக்கம் என்பதைவிட இரண்டாவது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

#16 நூல்வலை

சோதனைக்கு நோட்டை வண்ண நகலெடுத்துப் பார்க்கலாமா? எச்சரிக்கை வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமே.

#17 முத்திரை

கூடவே கூடாது. சோதனைக்கென்றாலும் நோட்டை அதே தோற்றத்தில் நகலெடுப்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம். பல நகல் இயந்திரங்கள் தாமாகவே மறுத்தும்விடும். பல நாட்டு நோட்டுகளில் சிறு வட்டங்களின் ஒரு அமைப்பு அதற்காகவே அச்சிடப்பட்டிருக்கிறது. தாள் வேறுபாட்டைச் சோதிக்க வெறும் அச்சுத்தாள், நிறத்தைச் சோதிக்க எந்த உருவமும் இல்லாத வண்ணப்பட்டைகள், பொய்யெச்சரிக்கையைச் சோதிக்கச் சலவையில் போட்ட நல்ல நோட்டு. இவை போதும். மெய்யான கள்ளநோட்டு கையில் வந்தால் வங்கியிடம் ஒப்படைக்க வேண்டும், சோதனைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

பயிற்சிப் படங்களில் வரிசை எண் இருக்கும். பிரிக்கும் வேலை முடிந்ததும் அந்தப் பகுதியை மறைத்துவிட்டுச் சேமியுங்கள்.

#18 தொடுவிரல்

விரல் உறைக்கு மாறுகிறோம். மதிப்பறிவது நிறச்சென்சார், நாக்கு, எட்டு மாதிரிவரிசை. புற ஊதா 365, அச்சும் இழையும் முரண்படும்போது மட்டும் பேசும். அதுவும் மதிப்பைச் சொல்லி முடித்து இரண்டு விநாடி கழித்து. அந்த எச்சரிக்கைக்குக் குறிலும் நெடிலும் அல்லாத ஓர் அதிர்வு வேண்டும்.

ஒரே கேள்வி: சென்சார் வாயில் தூசியும் வியர்வையும் படியுமே, பயனருக்கு அது எப்படித் தெரியும்?

#19 பழைய_சாலிடர்

நேர்கோட்டு அதிர்வியானால் வலுவை மெல்ல ஏற்றி இறக்கலாம், அலைபோல. அது துடிப்போடு குழம்பாது.

தூசிக்கு, வாயை ஒரு மில்லிமீட்டர் உள்வாங்கி மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடுங்கள். பிளாஸ்டிக் கீறிவிடும், சில வகை புற ஊதாவில் தானும் ஒளிரும். அழுக்கை அறிவது மூடிக்குள் இருக்கும் அதே டெஃப்லானால்தான். முதல் நாள் அளவைச் சேமித்து வையுங்கள். தெளிவு வழித்தடத்தின் (நிறம் பிரிக்காமல் மொத்த ஒளியை அளக்கும் சென்சார் பகுதியின்) அளவு அதில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் "துடைக்கவும்" என்று ஒரு குறி. துடைத்த பிறகும் ஏறவில்லை என்றால் டேப்தான் அழுக்காகியிருக்கும். உரித்துவிட்டுப் புதிதாக மடித்து ஒட்டி, பொத்தானை ஐந்து விநாடி அழுத்தினால் புது அளவு பதிவாகும்படி செய்யுங்கள். மூடியைக் கையில் தடவியே கண்டுபிடித்துக் கழற்றும்படி ஓரத்தில் ஒரு பள்ளமும் வையுங்கள். அதைப் பயனர் தானாகவே மாற்ற முடிய வேண்டும்.